ஊமை வாசனை

அத்தியாயம் 11

மூன்றடி தூரத்தில் நிற்கிற கணவனிடம் பேச ஒரு பெண்ணுக்குத் தூதர் தேவைப்படுகிறது என்றால், அந்த வீட்டில் சங்கதி முற்றிவிட்டது என்று பொருள்.

“அண்ணி, டாக்டர் ஒன்பதரைக்கு வரச் சொல்லியிருக்காங்க. உங்க தம்பி வர்றாரா இல்லையான்னு கேட்டுச் சொல்லுங்க” என்றாள் சின்னு.

தம்பி குனிந்து ஷூவுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான். அவனுக்குக் காது நன்றாகவே கேட்கும்.

“ஆஸ்பத்திரி லிஃப்ட் நாலாவது மாடியில மாட்டிக்கிட்டு நிக்குதுக்கா. நான் போகலைன்னா நோயாளிங்களைப் படியிலதான் தூக்கிட்டுப் போகணும். நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. மூணு மணிக்கெல்லாம் வந்துடுறேன்.”

“வரலையாம்” என்று அண்ணி தராசக்கா அஞ்சல் பட்டுவாடா செய்தாள்.

“எதிர்பார்த்ததுதான்னு சொல்லுங்க.”

தம்பி கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். ஊரில் எந்த லிஃப்ட் நின்றாலும் ஓடுகிறவனுக்குத் தன் வீட்டில் எது நின்றுபோயிருக்கிறது என்று தெரியவில்லை. என்ன செய்வது, சில ஆண்கள் அப்படி.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நம் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒன்பது மாதக் குழந்தை பட்டுவின் கன்னத்திலும் கழுத்திலும் முழங்கால் மடிப்பிலும் மூன்று வாரமாகச் செந்தடிப்பு. சொறிந்து சொறிந்து சில இடங்களில் ரத்தம் கசிகிறது. அன்று வீட்டுக்கு வந்திருந்த நாலு பேர் முன்னால் தம்பி தன் மனைவியைப் பார்த்து, “நீ கண்டதைச் சாப்பிட்டுட்டுப் பால் குடுத்தா இப்படித்தான் ஆகும்” என்று சொல்லிவிட்டான். சொன்னவன் அடுத்த நிமிஷமே மறந்துவிட்டான். கேட்டவள் அன்றிலிருந்து அவனோடு பேசுவதை நிறுத்தினாள், சாப்பிடுவதையும் ஏறக்குறைய நிறுத்தினாள். முதலில் முட்டை போயிற்று. பிறகு மீன், கடலை, தயிர். நேற்று வெறும் சோறும் உப்பும். கன்னம் ஒட்டிப்போய், வளையல் முழங்கை வரை ஏறுகிறது.

வருகிற திங்கட்கிழமை சின்னுவின் பிரசவ விடுப்பு முடிகிறது. ரயில் டிக்கெட் கவுன்ட்டரில் காலை ஆறு மணிக்கு உட்கார்ந்தாக வேண்டும். குழந்தையை யாரிடம் விடுவது என்ற கேள்வியே அந்த வீட்டில் எழவில்லை. அண்ணி இருக்கும்போது வேறு யார்? பட்டுவுக்காகத் தராசக்கா தொழிற்சாலையில் கெஞ்சிக் கூத்தாடி மாலை ஷிஃப்டுக்கு மாற்றல் வாங்கி வைத்திருந்தாள்.

தராசக்கா என்பது வேலை இடத்தில் வைத்த பெயர். குழந்தைகளுக்கான சோப்பும் கிரீமும் தயாரிக்கிற இடத்தில் பதினொரு வருஷமாக வாசனைச் சரக்குகளை நிறுத்துக் கொடுப்பது அவள் வேலை. அரைக் கிராம் கூடாது, அரைக் கிராம் குறையாது. வயது நாற்பத்து நான்கு. கல்யாணம் ஒன்றிரண்டு தடவை வாசல் வரை வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போய்விட்டது. அதைப் பற்றி அவளுக்குப் பெரிய வருத்தம் எதுவும் இருந்ததில்லை. பட்டு பிறந்த பிறகு சுத்தமாக இல்லை.

டாக்டர் வீட்டு வரவேற்பில் போனிலேயே சொல்லியிருந்தார்கள், குழந்தை மேல் படுகிற எல்லாவற்றையும் கொண்டு வர வேண்டுமென்று. சின்னு ஒரு துணிப்பையை நிரப்பினாள். சோப்பு, பவுடர், ஈரத் துடைப்பான் பாக்கெட், தலைக்குத் தேய்க்கிற எண்ணெய், துணி துவைக்கிற திரவம், அறையில் வைக்கிற கொசு மருந்து. கடைசியாக ஒரு வெள்ளை பாட்டிலை எடுத்துத் துடைத்து உள்ளே வைத்தாள். அதில் கம்பெனி லேபிள் கிடையாது. தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோக மாதம் இரண்டு பாட்டில் தருவார்கள், வெறும் பாட்டிலில் ஊற்றி. மேலே ஒட்டிய காகித டேப்பில் தராசக்காவின் குண்டுக் கையெழுத்து: ‘பட்டுவுக்கு. வாசனை கிடையாது.’

*

தோல் டாக்டர் அதிகம் சிரிக்காத அம்மாள். நகங்களை ஒட்ட வெட்டியிருந்தார். குழந்தையைத் தன் மேஜை மேலேயே உட்கார வைத்து, விளக்கை இழுத்து, மடிப்பு மடிப்பாகப் பார்த்தார். பட்டு அவர் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கினாள். அவர் பிடுங்கவிட்டார். தராசக்காவுக்கு அந்த இடத்திலேயே டாக்டரைப் பிடித்துப்போயிற்று.

“பையைக் கவிழ்த்துங்க.”

சின்னு கவிழ்த்தாள். டாக்டர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பின்பக்கத்தைப் படித்தார். படித்ததை இடது பக்கம் தள்ளினார். இடது பக்கம் நிரம்பிக்கொண்டே போனது.

“வாசனை. வாசனை. இதுலயும் வாசனை. ஒரே ஒரு சொல் போட்டுட்டு உள்ள இருபது முப்பது சரக்கு வச்சிருப்பாங்க. குழந்தை மணக்கணும்னு குழந்தையா கேட்டுச்சு?”

சின்னு கூனிக் குறுகினாள். “எல்லாரும் போடுறதுதானே டாக்டர்...”

“எல்லாக் குழந்தைக்கும் ஒண்ணும் ஆகாதும்மா. சில குழந்தைக்கு ஆகும். நம்ம தோல் மாதிரி இல்ல, இது மெல்லிசு. உடம்பு சின்னது, அந்த உடம்புக்குத் தோல் பரப்பு ஜாஸ்தி. தேய்க்கிறது சுலபமா உள்ள இறங்கும். இதாலதான்னு நான் இப்பவே அடிச்சுச் சொல்ல மாட்டேன். நிறுத்திப் பார்த்தாத்தான் தெரியும்.”

“இதையெல்லாம் நான் பத்து நாள் முன்னாடியே நிறுத்திட்டேன் டாக்டர். துணி கூட வெறும் தண்ணியிலதான் அலசுறேன். இப்ப இது ஒண்ணுதான்.” சின்னு வெள்ளை பாட்டிலை எடுத்து நீட்டினாள். குரலில் கொஞ்சம் பெருமை கூட வந்தது. “எங்க அண்ணி கையால அளந்து போட்டது. வாசனையே இல்லாதது.”

டாக்டர் மூடியைத் திறந்து முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். ஒரு சொட்டு எடுத்து உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தார்.

“ஒண்ணுமே அடிக்கலையே.”

“அதான் டாக்டர், வாசனை சேர்க்கலை.”

“சேர்க்கலைன்னா ஒரு பச்சை வாடை அடிக்கணுமேம்மா. எண்ணெயும் மெழுகும் கலந்த வாடை. அது எங்க போச்சு?”

டாக்டர் சாதாரணமாகத்தான் கேட்டார். சின்னுவுக்கு விளங்கவில்லை. தராசக்கா மட்டும் பாட்டிலை வாங்கித் தானும் முகர்ந்து பார்த்தாள். வாடை எங்கே போகிறது என்று அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு வாரமும் அவள்தான் அதைப் போக்குகிறாள்.

“கம்பெனியில கேட்டுச் சொல்றேன் டாக்டர்” என்றாள்.

“சாயங்காலத்துக்குள்ள போன் பண்ணுங்க. இது சுத்தம்னா நான் வேற பக்கம் தேடணும். பால், சாப்பாடு, ரத்தம் எடுத்துப் பார்க்கிறது. இவ்வளவு சின்னக் கையில ஊசி குத்துறதுக்கு முன்னாடி எனக்குத் தெரிஞ்சாகணும். அதுவரைக்கும் இதைத் தொடாதீங்க.”

பஸ்ஸில் சின்னு ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்குகிற குழந்தையைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

“அப்போ என் பால்தான் அண்ணி. நான் சாப்பிடுறதுதான். அவர் சொன்னது சரியாப் போச்சு.”

“டாக்டர் அப்படிச் சொல்லலையே.”

“வேற என்ன சொன்னாங்க? எல்லாத்தையும் நிறுத்தியாச்சு, பாக்கி நான் ஒருத்திதான் இருக்கேன். இந்த டாக்டருக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம். உங்க பாட்டிலையே சந்தேகப்படுறாங்க பாருங்களேன்! அதைப் போடலைன்னா இவளுக்குத் தோல் வெடிக்குது. நான் விடமாட்டேன்.”

“ரெண்டு நாள் நிறுத்தித்தான் பாரேன்.”

“உங்க மேல நம்பிக்கை இல்லாம வேற யார் மேல அண்ணி எனக்கு நம்பிக்கை?”

தராசக்கா கையிலிருந்த பஸ் டிக்கெட்டை மடித்துக்கொண்டே இருந்தாள். சொல்லியிருக்க வேண்டும். அந்த இடத்தில், அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நிச்சயமாகத் தெரியாமல் எப்படிச் சொல்வது என்று ஒரு சமாதானம் கைவசம் இருந்தது. மனசுக்கு அது எப்போதும் கிடைத்துவிடும். தொழிற்சாலை நிறுத்தம் வந்தது, இறங்கிக்கொண்டாள்.

*

எடை அறையில் மின்விசிறி போடக் கூடாது. காற்று பட்டால் தராசின் எண்கள் நடுங்கும். கதவைச் சாத்தி, வியர்க்க விறுவிறுக்கத்தான் வேலை. வாசனை டப்பாக்கள் எல்லாம் பூட்டிய அலமாரியில் இருக்கும். சாவி அவள் இடுப்பில்.

ஊமை மட்டும் அந்த அலமாரியில் இல்லை. ஊமை என்பது அவர்கள் வைத்த பெயர்தான், டப்பாவில் வெறும் எண் மட்டும் இருக்கும். அதற்கென்று சொந்த மணம் ஏதும் தெரியாது, மற்ற வாடைகளின் வாயை அடைத்துவிடும். அதனால் ஊமை. மெழுகு, எண்ணெய் இவற்றோடு வெளித் தட்டில் கிடக்கும். நோட்டிலும் வாசனைப் பத்தியில் எழுதுவதில்லை, ‘இதர சாமான்’ பத்தியில் எழுதுவார்கள். அவளுக்கு முன்னால் இருந்தவர் அப்படி எழுதினார், இவளும் அப்படியே எழுதினாள். பதினொரு வருஷத்தில் ஊமையை வாசனை என்று அவள் ஒரு நாளும் நினைத்ததில்லை. மணக்காத ஒன்றை எப்படி வாசனை என்று நினைப்பது?

சரக்கு அனுப்புகிறவர்கள் தந்த தாள்கள் சூப்பர்வைசர் அறையில் பச்சை ஃபைலில் இருந்தன. அவர் சாப்பிடப் போயிருந்தார். தராசக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டப்பாவின் எண்ணைத் தேடினாள். கிடைத்தது. இரண்டு பக்கம். முதல் பக்கத்தின் தலைப்பிலேயே எழுதியிருந்தது: ‘வாசனைக் கலவை. வாடை மறைப்பதற்கு.’

கீழே பட்டியல். அதில் நாலு பேரை அவளுக்கு நன்றாகத் தெரியும். லினலூல், லிமோனீன் என்று ரோஸ் நிற கிரீமுக்கு அவள் தனித்தனியாக நிறுத்துப் போடுகிற அதே ஆட்கள். ரோஸ் கிரீமைத் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் பட்டுவுக்கு முதல் தடிப்பு வந்தது. அதை நிறுத்திவிட்டு, பத்திரமான பண்டம் என்று அவள் கொண்டுபோய்க் கொடுத்த பாட்டிலுக்குள் அவர்களே மாறுவேஷத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அளவு குறைவுதான். ஆனால் சின்னு நாளைக்கு மூன்று வேளை தேய்த்தாள். பட்டு சிவக்கச் சிவக்க இன்னும் தாராளமாகத் தேய்த்தாள்.

இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி: ‘சிலருக்குத் தோல் ஒவ்வாமை உண்டாக்கலாம்.’

“என்னக்கா, ஃபைலை எல்லாம் குடைஞ்சிட்டிருக்கீங்க?” சூப்பர்வைசர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். அவளைவிடப் பத்து வயது இளையவர், கெட்டவர் என்று சொல்ல முடியாது.

“சார், ஊமை வாசனையா?”

“ஆமா. அதுக்கென்ன?”

“ஏன் சார் யாருமே சொல்லலை?”

“சொல்லாம என்னக்கா? கடைக்குப் போற பாட்டில்ல பின்னாடி சின்ன எழுத்துல வாசனைன்னு போட்டிருக்குமே. நீங்க படிச்சதில்லையா?”

படித்ததில்லை. லேபிள் ஒட்டுவது பக்கத்துக் கட்டடத்தில். அவள் வீட்டுக்குக் கொண்டுபோவது வெறும் பாட்டில். அதன்மேல் இருந்த ஒரே எழுத்து அவள் எழுதியது.

“எங்க வீட்டுக் குழந்தைக்கு இதைத்தான் தேய்க்கிறோம் சார். உடம்பெல்லாம் புண்ணு.”

சூப்பர்வைசரின் முகம் கொஞ்சம் மாறியது. “அக்கா, இது அனுமதிச்ச அளவுக்குள்ளதான் இருக்கு. பூவுல, எலுமிச்சைத் தோல்ல இருக்கிற சமாச்சாரம்தானே.”

“பூவுல இருந்தா இருக்கட்டும் சார். குழந்தை தோல்ல எதுக்கு?”

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “மூணு மணிக்கு இதே கிரீம் ஒரு தொட்டி ஓடணும். பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போற சரக்கு. நீங்க ஊமையை நிறுத்துக் குடுத்துட்டுப் போங்க, மத்ததை அப்புறம் பேசலாம்.”

அவள் சின்னுவுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. குழந்தை தூங்கும்போது சின்னு போனைத் தலையணைக்கடியில் ஊமையாக்கிவிடுவாள். மறுபடி போட்டாள். மூன்றாவது தடவையும் எடுக்கவில்லை. இரண்டரை மணிக்குப் பட்டுவைக் குளிப்பாட்டுவாள். குளிப்பாட்டியதும் கிரீம். இப்போது மணி இரண்டு.

“சார், நான் வீட்டுக்குப் போறேன்.”

“தொட்டி நிக்குமேக்கா! நிறுக்க வேற ஆள் இல்லை. இப்ப போனா மேல நான் என்ன பதில் சொல்றது?”

“தெரியலை சார்” என்றாள் தராசக்கா. உண்மையிலேயே அவளுக்குத் தெரியவில்லை. மேலங்கியைக் கழற்றக்கூட நிற்காமல் வெளியே ஓடினாள். பஸ் வருவதாகக் காணோம். போன ஒரு ஆட்டோவைக் கையைக் காட்டி நிறுத்தி ஏறினாள். ஒவ்வொரு சிக்னலும் அன்றைக்கென்று பார்த்துச் சிவப்பாகவே விழுந்தது. ஓட்டுநர் அவளைக் கண்ணாடியில் பார்த்து, “யாருக்காவது உடம்பு சரியில்லையாம்மா?” என்றார். ஆமாம் என்று சொன்னாள்.

*

கதவைத் திறக்கும்போதே தம்பியின் குரல் கேட்டது. வாக்குத் தவறாமல் சீக்கிரம் வந்திருந்தான், சண்டை போடுவதற்கு.

“காலையில இருந்ததுக்கு இப்ப இன்னும் சிவந்திருக்கே! மறுபடி என்னத்தைச் சாப்பிட்டுத் தொலைச்ச?”

சின்னு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பட்டு ஈரத் தலையோடு மடியில். ஒரு காலுக்குத் தேய்த்து முடித்து, அடுத்த காலுக்காகக் கை நிறைய வெள்ளை கிரீமை எடுத்து வைத்திருந்தாள்.

“தேய்க்காதே!” என்று தராசக்கா கத்தினாள். அந்த வீட்டில் அவள் கத்தி யாரும் கேட்டதில்லை. பட்டுகூட விழித்துப் பார்த்தாள்.

“அவ இல்லடா. அவ சாப்பிட்டதும் இல்ல, அவ பாலும் இல்ல. நான்தான். அந்த பாட்டில்ல வாசனை இருக்கு. வாடையை மறைக்கிறதுக்குன்னு போடுறோம், நானே நிறுத்துப் போடுறேன். அது வாசனைதான்னு எனக்கு உறைக்கவே இல்லை. டாக்டர் கேட்டப்பவே சந்தேகம் வந்துச்சு. பஸ்ஸில சொல்லியிருக்கணும், சொல்லலை.”

சின்னு தன் உள்ளங்கையில் இருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய்க் குழாயைத் திறந்து கையைக் கழுவினாள். ஈரத்துணி கொண்டுவந்து குழந்தையின் காலை அழுத்தாமல் ஒற்றி ஒற்றித் துடைத்தாள்.

தம்பிக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

“சரி விடுக்கா. நீ என்ன வேணும்னா செஞ்ச? தெரியாம நடந்துபோச்சு. இதுக்குப் போய்க் கத்துவாங்களா? தேய்க்கிறவ பார்த்துத் தேய்ச்சிருக்கணும்.”

சின்னு நிமிர்ந்தாள். ஐந்து நாளைக்குப் பிறகு முதல் தடவையாக, தூதர் இல்லாமல் கணவனின் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

“அக்கா பண்ணினா தெரியாம நடந்தது. நான் பண்ணாததுக்கு அஞ்சு நாளா எனக்குத் தண்டனை. அப்படித்தானே?”

“நான் அப்படிச் சொல்லலை...”

“நாலு பேர் முன்னாடி சொன்னீங்க. இப்ப ஒருத்தரும் இல்லாதப்பக்கூட ‘தப்புதான்’னு ஒரு வார்த்தை வரலை உங்களுக்கு.”

“அவ சொல்றதுதான்டா நியாயம்” என்றாள் தராசக்கா. “எனக்காக நீ பரிஞ்சு பேசாதே. எனக்கு அசிங்கமா இருக்கு.”

தம்பி லிஃப்ட் என்றால் எந்த ஒயர் எங்கே போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். இங்கே எதைத் தொட்டாலும் ஷாக் அடித்தது. சுவரோரம் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டான்.

தராசக்கா டாக்டருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். தாளில் பார்த்ததை ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள். டாக்டர் முழுவதும் கேட்டுக்கொண்டார்.

“சரி” என்றார் கடைசியில். “அப்போ ரத்தம் எடுக்கிறது இப்ப வேண்டாம். நான் ஒரு மருந்து எழுதி அனுப்புறேன், அதோட வாசனை எதுவும் சேர்க்காத வெறும் பெட்ரோலியம் ஜெல்லி போடுங்க. ஒரு நாள் ரெண்டு நாள்ல மாறாது, பொறுமையா இருங்க. ரெண்டு வாரம் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க, பார்க்கலாம்.”

சின்னு போன் பக்கம் குனிந்தாள். “டாக்டர்... நான் சாப்பிடலாமா?”

“என்னம்மா கேள்வி? நீ சாப்பிடாம இருக்கியா?”

சின்னு முழங்கைக்கு ஏறிய வளையலைக் கீழே இழுத்துவிட்டாள்.

“முதல்ல போய்ச் சாப்பிடு. முட்டை, மீன், எல்லாம் சாப்பிடு. யார் உன்னைப் பட்டினி போட்டது?”

தம்பி ஸ்டூலிலிருந்து எழுந்தான். யார் முகத்தையும் பார்க்காமல் சமையலறைக்குப் போனான். தட்டு எடுக்கிற சத்தம், முட்டை உடைக்கிற சத்தம். கொஞ்ச நேரத்தில் தட்டோடு வந்து சின்னுவின் முன்னால் வைத்துவிட்டு, “தப்புதான்” என்றான். மிகச் சின்னக் குரலில். சின்னு அவனைப் பார்க்கவில்லை. ஆனால் தட்டை இழுத்துக்கொண்டாள். குழந்தையைத் தரையில் விட்டுவிட்டு, கண்ணிலிருந்து தண்ணீர் வழிய வழிய, பெரிய பெரிய கவளமாக அள்ளிச் சாப்பிட்டாள்.

தராசக்காவின் கையிலிருந்த போன் மறுபடி அடித்தது, டாக்டர்தான்; அவள் ஸ்பீக்கரில் வைத்தாள்.

“இன்னொரு விஷயம். நீங்க அத்தைதானே? தினமும் எவ்வளவு நேரம் அந்த அறையில இருப்பீங்க?”

“எட்டு மணி நேரம் டாக்டர்.”

“அங்க போட்டுக்கிற துணியோடதான் வீட்டுக்கு வர்றீங்களா?”

தராசக்கா தன்னைக் குனிந்து பார்த்தாள். மேலங்கி அப்படியே இருந்தது.

“ஆமா டாக்டர்.”

“வந்ததும் குழந்தையைத் தூக்குவீங்களா? எந்தப் பக்கத் தோள்ல போட்டுக்குவீங்க?”

“இடது பக்கம்” என்றாள் தராசக்கா. சொன்ன பிறகுதான் அதன் அர்த்தம் ஏறியது.

“குழந்தையோட ஒரு கன்னம்தான் அதிகமாப் புண்ணாகியிருக்கு. அது எதனாலன்னு காலையிலேர்ந்து யோசிச்சுட்டு இருந்தேன். நிச்சயமாச் சொல்ல முடியாது. ஆனா புண்ணு ஆறுற வரைக்கும்...”

சின்னுவின் கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றுவிட்டது. அவள் குழந்தையைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள், சுவரில் தொங்குகிற காலண்டரைப் பார்த்தாள். திங்கட்கிழமைக்கு இன்னும் மூன்றே நாள்.

பட்டுவுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? தவழ்ந்து வந்தாள். அத்தையின் மேலங்கியைப் பிடித்து எழுந்து நின்றாள். தூக்கச் சொல்லி இரண்டு கைகளையும் நீட்டி, சிரித்தாள். பிடி விட்டதில் தொப்பென்று உட்கார்ந்து, மறுபடி எழுந்து, மறுபடி நீட்டினாள்.

தராசக்கா இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டாள்.